அம்மா சட்டை போட்ட கதை

என் அம்மா அப்பாவின் சட்டைகளைப் போட்டுக்கொள்கிறாள். இதைக் கேட்டு முகம் சுளிப்பவர்களிடம் சமாதானம் சொல்வதை நான் நிறுத்திவிட்டேன்.

மராத்தி பேசும் நகரம் ஒன்றின் வானவடிப் பகுதியில் நானும் அம்மாவும்தான் இருக்கிறோம். இரண்டு மழைக்காலத்துக்கு முன்பு எங்கள் கட்டடத்தின் ஈரப் படியில் சறுக்கி விழுந்ததில் அம்மாவுக்கு வலது தோள் முறிந்தது. மருத்துவர் கையை மார்போடு சேர்த்துக் கட்டிவிட்டார். ஒற்றைக் கையால் சேலை கட்ட முடியவில்லை. நைட்டி போட கையைத் தூக்க வேண்டும். உதவிக்கு ஆள் வைத்துக்கொள்ளலாம் என்றேன். பாத்ரூம் போகக்கூட இன்னொருத்திக்காகக் காத்திருக்க மாட்டேன் என்றாள். தைத்து வைத்த ரெடிமேட் சேலை ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். அது இடுப்பில் நிற்காமல் காலைத் தடுக்கியது.

அம்மாவே பீரோவைத் திறக்கச் சொன்னாள். அப்பா தொழிற்சாலைக்குப் போட்டுப் போன பருத்திச் சட்டைகள் அவர் இறந்த பின்னும் உள்ளே மடித்தபடி இருந்தன. பொத்தான்களை எடுத்துவிட்டு பிரஸ் பட்டன் தைத்தேன். கீழே எலாஸ்டிக் பேன்ட். மறுநாள் நான் அலுவலகம் கிளம்பும் முன்பே அம்மா தானாக உடுத்திக்கொண்டு வந்து நின்றாள். சட்டைப் பையில் போனும் கண்ணாடியும் இருந்தன.

அப்போதுதான் அத்தை, அப்பாவின் அக்கா, மகனின் கிரகப்பிரவேசத்துக்காகத் திருநெல்வேலியிலிருந்து வந்தாள். எங்கள் நகரத்திலேயே வாகட் பகுதியில் புது ஃபிளாட். முந்தின நாள் எங்கள் வீட்டுக்கு வந்தவள் அம்மாவைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

“ஆம்பள சட்டையைப் போட்டுக்கிட்டா விசேஷ வீட்டுக்கு வருவே? நான் கட்டி விடுதேன், ஒரு நாளைக்குச் சீலை கட்டு.”

“நீங்க கட்டி விட்டுட்டுப் போயிருவீய மைனி. பொறவு அவுந்தா யாரைக் கூப்பிட? சீலைக்கு ரெண்டு கை வேணும். எனக்கு இப்ப ஒண்ணுதான் இருக்கு.”

அப்படியானால் கூட்டம் கலைந்தபின் சாயங்காலமாக வரச் சொன்னாள் அத்தை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மா இல்லாமல் நானும் வரமாட்டேன் என்றேன்.

“ஏன் வராம?” என்றாள் அம்மா. “ஹோமத்துக்கே போவோம்.”

போனோம். நன்றாகத் தேய்த்த வெள்ளைச் சட்டையில் அம்மா முன்வரிசையில் உட்கார்ந்தாள். ஊர்க்காரர்கள் குசுகுசுவென்று பேசினார்கள். பக்கத்து ஃபிளாட் மராத்திப் பெண் கை எப்படி இருக்கிறது என்று மட்டும் விசாரித்தாள். பந்தியில் அத்தை எங்கள் பக்கமே வரவில்லை. அம்மா இடது கையில் ஸ்பூன் பிடித்து, பாயசம் இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அவள் பக்கத்தில் நான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

கை குணமாகிவிட்டது. ஒரு நாள் சேலையை எடுத்துக் கட்டிப் பார்த்தாள். கட்ட வந்தது. பிறகு அவிழ்த்து மடித்து வைத்துவிட்டாள். அத்தை இன்றும் போனில் என்னோடு மட்டும்தான் பேசுகிறாள். பேசட்டும்.

பழைய சட்டைகள் நைந்துபோகவே சென்ற மாதம் ஆண்கள் துணிக்கடைக்குப் போனோம். யாருக்கு என்று கடைக்காரர் இந்தியில் என்னிடம் கேட்டார்.

“மேரே லியே” என்றாள் அம்மா, தனக்குத்தான் என்று. அளவெடுக்கக் கையை நன்றாக உயர்த்தி நின்றாள்.