பரந்தனில் மட்டும் இருந்த வழுக்கல்

போன கிழமை கிளிநொச்சியில் ஒரு கடையில் போனைத் திருத்தக் கொடுத்துவிட்டுக் கதிரையில் இருந்தேன். உள்ளே ஈயம் உருகும் வாசம் வந்தது. ஆறு வருடம் அந்த வாசத்துக்குள் வேலை செய்தவன் நான். மற்றவர்களுக்கு அது எதை நினைவுபடுத்துமோ தெரியாது, எனக்கு முதலில் வருவது எரிச்சல். அதுவும் என்னுடைய பெருவிரல்கள் மேல் வருகிற எரிச்சல்.

நான் வேலை செய்தது பரந்தன் சந்தியில், றமீஸ் நானாவின் கடையில். அவர் முல்லைத்தீவுக்காரர், இடம்பெயர்ந்து புத்தளத்தில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டுத் திரும்பி வந்தவர். கடையின் முன்பக்கத்தில் லெட்சுமி போட்டோக்கொப்பி எடுப்பாள். அவளுடைய தாய் தகப்பன் மலையகத்தில் இருந்து வந்து, இரணைமடுக் குளத்துக்குக் கீழே வயல் செய்தார்கள். அவளுக்குப் பக்கத்து மேசையில் நான் போன் திருத்துவேன். பின்னறையில் ஒரு ரீவியும், நானா எங்கேயோ வாங்கிய பழைய கேம் பெட்டியும் இருந்தன. காசு கொடுத்து யாரும் விளையாடலாம், ஆனால் அதில் ஒரே ஒரு விளையாட்டு. அந்தரத்தில் மிதக்கும் மேடையில் ஆட்கள் சண்டை பிடிப்பார்கள். மற்றவரை மேடைக்கு வெளியே விழுத்துகிறவர் வென்றவர்.

பலமாக அடிக்கிறவன்தான் வெல்வான் என்று நான் நம்பியிருந்தேன். அது பிழை என்று கண்டுபிடித்தவள் லெட்சுமி. எல்லாம் அசைவில்தான் இருக்கிறதாம். முன்னுக்கும் பின்னுக்கும் வெட்டி வெட்டி ஓடி எதிராளியைக் குழப்புவதற்கு ‘ஆட்டோ’ என்று பெயர் வைத்தாள், சந்தியில் ஆட்டோக்காரர் திருப்புகிற திருப்பைப் பார்த்து. ஆனால் பெரிய வித்தை வழுக்கல். குதித்து, கால் நிலத்தைவிட்டுக் கிளம்பும் அந்தக் கணத்திலேயே விசையைச் சாய்வாகக் கீழே தள்ளிக்கொண்டு, அடிக்குத் தப்புகிற பட்டனை அழுத்த வேண்டும். முந்தினால் ஆள் நின்ற இடத்தில் நிற்பான். பிந்தினால் சும்மா துள்ளி விழுவான். சரியாக வந்தால், மழை பெய்த சீமெந்து நிலத்தில் செருப்போடு போவதுபோல் வழுக்கிக்கொண்டு போவான். வழுக்கும்போதே அடிக்கவும் செய்யலாம்.

எனக்கு அது வரவேயில்லை.

“பிந்துறீங்கள்” என்பாள். ஒரு நாளைக்கு நூறு தரம் அந்த ஒற்றைச் சொல். கடுகளவு ஸ்குறூவைக் கழற்றிப் பூட்டுகிறவன் நான் என்று ஒருநாள் சினந்துகொண்டு சொன்னேன்.

“அந்த ஸ்குறூ உங்களைத் திருப்பி அடிக்கிறேல்லையே” என்றாள்.

அந்த நாட்களில் போட்டோக்கொப்பிக்கு வருகிற ஆட்கள் குறைந்துகொண்டு போனார்கள். ஒரு காலை நானா எங்கள் முகத்தைப் பாராமலே சொன்னார், பின்னறைக்கு ஆட்கள் வராவிட்டால் இரண்டு பேரை வைத்திருக்க ஏலாது என்று. யார் போவது என்று அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. வவுனியாவில் ஒரு கடைத் திறப்புக்கு இந்த விளையாட்டில் சோடிப் போட்டி வைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டோம். வென்று வந்து படத்தை வாசலில் தொங்கவிட்டால் ஆட்கள் வருவார்கள் என்று கணக்குப் போட்டோம். மூன்று மாதப் பயிற்சிக்குப் பிறகு எனக்கும் வழுக்கல் வந்தது. வவுனியாவரை ஏ-ஒன்பது வீதி முழுக்க, பஸ்ஸில் மடியில் வைத்த பையின்மேல் பெருவிரலை அழுத்திக்கொண்டே போனேன்.

முதல் ஆட்டம். குதித்தேன், அழுத்தினேன், என் ஆள் மூட்டைபோல் விழுந்தான். வழமைபோல் என் விரல்தான் என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் லெட்சுமியின் ஆளும் விழுந்து கிடக்கிறான். வழுக்கல் ஏன் வரவில்லை என்று எங்களைத் தோற்கடித்த பெடியனிடமே அவள் கேட்டாள்.

“அதை எப்பவோ எடுத்திட்டாங்கள் அக்கா, அப்டேட்டில அது போயிட்டுது. நீங்கள் எங்கயிருந்து வாறீங்கள்?”

எங்கள் பெட்டி இன்டர்நெட்டைக் கண்டதேயில்லை. ஊர் உலகம் எப்போதோ விட்டுவிட்ட ஒன்றை மூன்று மாதமாகப் பல்லைக் கடித்துப் பழகியிருக்கிறோம். திரும்பி வரும் பஸ்ஸில் பெருவிரல்களைப் பைக்கு அடியில் ஒளித்துக்கொண்டேன்.

நானாவிடம் நடந்ததைச் சொன்னோம். அவர், “அப்ப அது இப்ப எங்கட்ட மட்டும்தான் இருக்குதோ?” என்று கேட்டார்.

லெட்சுமி சொன்ன இடத்தை விசாரித்துக்கொண்டு, அடுத்த ஞாயிறு அந்த வவுனியாப் பெடியனே சிநேகிதனோடு வந்து இறங்கினான். வழுக்கலை இழந்து ஏங்கிப்போய் இருந்தவர்கள் அவர்கள். பிறகு முல்லைத்தீவில் இருந்து வந்தார்கள், யாழ்ப்பாணத்தில் இருந்தும் வந்தார்கள். வாசலில் செருப்புக் கழற்ற இடமில்லை. அரை வருடத்துக்கு நானா ஆட்குறைப்பைப் பற்றி வாயே திறக்கவில்லை.

பிறகு நான் என் கெட்டித்தனத்தைக் காட்டினேன். வந்தவர்களில் ஒருவன், விளையாட்டுக்குள் புதிதாக வந்திருக்கும் சண்டைக்காரரில் யாரையாவது எங்கள் பெட்டியில் சேர்க்க முடியுமா என்று கேட்டிருந்தான். ஞாயிறு எல்லோரையும் அசத்தலாம் என்று, சனிக்கிழமை என் போனில் இருந்து பெட்டிக்கு இன்டர்நெட் கொடுத்தேன். திரையில் ஒரு கோடு மெல்ல மெல்ல நீண்டது. அது எதை விழுங்குகிறது என்று யோசிக்காமல் நான் தேத்தண்ணி குடிக்கப் போனேன். போன் திருத்துகிறவன், இதை யோசிக்கவில்லை!

மறுநாள் முதலில் விளையாட இருந்தவள் லெட்சுமி. குதித்தாள், விழுந்தாள். இன்னொரு தரம் குதித்தாள், விழுந்தாள். கொன்ரோலரை மடியில் வைத்துவிட்டுத் தன் பெருவிரலைப் பார்த்தாள்.

“நான் பிந்துறனோ?”

“இல்லை. நான்தான் நேற்று இதுக்கு நெற் குடுத்தனான். அப்டேட் ஆயிட்டுது.”

அவள் ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். வந்தவர்கள் ஒவ்வொருவராக ஒருக்கா அழுத்திப் பார்த்துவிட்டு, அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார்கள். பழையதைத் திரும்ப ஏற்ற நான் தெரிந்ததெல்லாம் செய்து பார்த்தேன். ஒன்றும் சரிவரவில்லை.

இரண்டு மாதத்தில் பின்னறை போன் கவர் தொங்கும் இடமாகிவிட்டது. நானா மறுபடி ஆட்குறைப்புக் கதையைத் தொடங்கினார். அவர் முடிக்க முன்னமே, “நான் தையலுக்குப் போறன், அவர் இருக்கட்டும்” என்று என்னைக் காட்டிச் சொன்னாள் லெட்சுமி. ஆடைத் தொழிற்சாலையில் ஆட்கள் எடுத்துக்கொண்டிருந்த நேரம் அது. பிறகு வற்றாப்பளைப் பக்கம் கலியாணம் செய்துகொண்டாள் என்று கேள்வி. நானா கடையை விற்றுவிட்டு முல்லைத்தீவுக்கே போய்விட்டார். கடை இருந்த இடத்தில் இப்போது மருந்துக்கடை.

தையலுக்குப் போறன் என்று அவள் சொன்னபோது நான் மேசையில் ஒரு போனைத் திறந்து வைத்திருந்தேன். நீங்கள் இருங்கோ, பிழை விட்டவன் நான், நான் போறன் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் குனிந்து ஸ்குறூவைத் தேடிக்கொண்டிருந்தேன்.