என் கையெழுத்து, அவருடைய மை

உள்ளங்கை அளவுக்கு வெட்டிய ஒரு பழுப்புக் காகிதத்தை டிராயிங் டீச்சர் ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். ஆடி மாதத்தில் அதில் அவர் புளிய இலைகளை நெருக்கி நெருக்கி வரைந்திருந்தார். இரண்டு மாதம் கழித்து, கோடும் கோடும் வெட்டிக்கொள்ளும் இடங்களில் காகிதம் ஊசிமுனை அளவுக்கு இற்றுப்போயிருந்தது. அந்தப் பொட்டுகள் வழியாக வெயில் தெரிந்தது. “பாத்தீங்களாக்கா, மை காகிதத்தைத் தின்னுருக்கு” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் அதைக் கண்ணால் பார்த்தேன், காதால் கேட்டேன். அதற்குப் பிறகு நான் செய்ததைத் தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை. அதனால் இங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஐம்பதுகளின் கடைசி அது. திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் நான் சரித்திர ஆசிரியை. எனக்கு முப்பது வயது. டிராயிங் டீச்சருக்கு என்னைவிட ஐந்தாறு வயது குறைவு. அகரத்தில் காய்கறி போடும் குடும்பத்திலிருந்து வந்தவர். தினமும் காலை பஸ்ஸில் வந்து மாலை பஸ்ஸில் திரும்புவார். அவருடையது தற்காலிக வேலை. வருடா வருடம் நிர்வாகக் கமிட்டி புதுப்பித்தால்தான் உண்டு. வகுப்பில் பூசணிக்காயும் தண்ணீர்க் குடமும் வரையச் சொல்லிக்கொடுப்பார். அவருடைய சொந்த வரைதல் வேறு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, தேசப்படங்களும் உடைந்த பெஞ்சுகளும் கிடந்த சாமான் அறையில் உட்கார்ந்து, தொட்டு எழுதும் பேனாவால் ஒரே வடிவத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருப்பார். மீன் செதில், செங்கல் அடுக்கு, கூடைப் பின்னல், பூட்டின் சாவித் துவாரம் என்று ஒரு சதுரத்துக்கு ஒரு வடிவம். பென்சில் கிடையாது, அழிப்பது கிடையாது. கோடு தவறினால் அந்தத் தவறையே அடுத்த வரிசையில் திரும்பப் போடுவார். நாலு வரிசை தாண்டினால் அது தவறாகவே தெரியாது.

நான் முதன்முதலில் அந்த அறைக்குள் போனது அழுவதற்காக. அந்த வருடம்தான் என் முதல் குழந்தை பிறந்து மூன்றாம் நாளே போயிருந்தது. வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவில் முகத்தை மறைக்க ஓர் இடம் வேண்டியிருந்தது. அவர் உள்ளே இருப்பார் என்று எனக்குத் தெரியாது. என்ன ஏது என்று அவர் கேட்கவில்லை. ஒரு காகிதத்தையும் பேனாவையும் என் பக்கம் நகர்த்தினார். “சும்மா ஒரு கோடு போடுங்கக்கா. அது பக்கத்துல இன்னொண்ணு. ரெண்டும் முட்டிக்கக் கூடாது, இம்புட்டுதான்.” போட்டேன். மணி அடித்தபோது அரைத்தாள் நிறையக் கோடுகள் இருந்தன. அந்த அரைமணி நேரமும் நான் குழந்தையை நினைக்கவில்லை என்பது பிறகுதான் உறைத்தது. மறுநாளும் போனேன். ஏறக்குறைய ஒரு வருடம் போனேன்.

காகிதம் எதுவானாலும் அவருக்கு ஆகும். பழைய கேள்வித்தாளின் முதுகு, கல்யாணப் பத்திரிகையின் வெற்றுப் பக்கம், மளிகைக் கடைக்காரர் சாமான் கட்டிக் கொடுத்த முரட்டுத் தாள், பட்டம் விடும் வழுவழுப்புத் தாள். ஒவ்வொன்றிலும் ஒரே மையால் ஒரே வடிவத்தைப் போட்டு, எது உறிஞ்சுகிறது, எது பரப்புகிறது, எது நிப்பைக் கீறுகிறது என்று பார்ப்பார். மையும் அப்படித்தான். கடையில் விற்கும் மைப்பொடியில் தொடங்கி, விளக்குப் புகையைப் பிசினில் குழைத்து, மாதுளைத் தோலைக் காய்ச்சி, கடைசியில் கடுக்காய்க்கு வந்திருந்தார். எங்கள் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. தோல் பதனிடும் இடங்களில் கடுக்காய் மூட்டை மூட்டையாகக் கிடக்கும். அந்தக் கஷாயத்தில் நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய அன்னபேதி உப்பைக் கரைத்தால் கண்முன்னாலேயே கருத்துவிடும். தாளில் வைக்கும்போது சாம்பல் நிறமாக இருக்கும். காற்றுப் பட்டதும் கன்னங்கரேல் என்று ஆகும். அப்படி ஒரு கறுப்பை நான் எந்தக் கடை மையிலும் பார்த்ததில்லை. ஒவ்வொரு குப்பியிலும் உப்பின் அளவை மாற்றி, நூல் கட்டி அடையாளம் வைத்திருந்தார். சிவப்பு நூல் கட்டிய குப்பியில் உப்பு மிக அதிகம். காகிதத்தைத் தின்றது அந்த மைதான். “இதை மட்டும் தொட்டுராதீங்கக்கா. இன்னும் பாத்துக்கிட்டிருக்கேன்” என்றார்.

ஐப்பசியில் பள்ளிக்கூடம் எனக்கு ஒரு வேலை கொடுத்தது. பள்ளி இறுதி வகுப்புப் பிள்ளைகளின் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகங்களில் பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி, அங்க அடையாளம் எல்லாம் எழுத வேண்டும். ஒரு பெண் அதற்கப்புறம் எங்கே போனாலும் அந்தப் புத்தகம்தான் அவளுக்குச் சாட்சி. என் ஆங்கில எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும் என்று தலைமை ஆசிரியை எல்லோரிடமும் சொல்வார். எனக்கு அதில் கர்வம் உண்டு. பாதிப் புத்தகங்களைப் பள்ளிக்கூட மையில் எழுதினேன். தண்ணீர் கூடிப்போன மை, எழுத்து வெளிறி நின்றது. என் கையெழுத்து இப்படியா தெரிய வேண்டும் என்று மனம் கேட்கவில்லை. அன்று டிராயிங் டீச்சர் வரவில்லை. நான் சாமான் அறைக்குப் போனேன். சிவப்பு நூல் குப்பியைத்தான் எடுத்தேன். இருந்த குப்பிகளிலேயே ஆழமான கறுப்பு அதுதான். என் மைக்கூட்டில் கொஞ்சம் ஊற்றிக்கொண்டு, குப்பியை இருந்த இடத்திலேயே வைத்தேன். மீதிப் புத்தகங்களை எழுதி முடித்தபோது ஒவ்வொரு பெயரும் கல்லில் வெட்டினாற்போல இருந்தது. தின்றாலும் கோடு நெருங்கிய இடத்தில்தானே தின்னும், எழுத்தை என்ன செய்யப் போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்த வருடம் அடைமழை. புத்தகங்கள் பீரோவுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கிடந்தன. தை மாதத்தில் கையெழுத்துப் போட எடுத்த தலைமை ஆசிரியை எனக்கு ஆள் அனுப்பினார். மேசையில் பத்துப் பன்னிரண்டு புத்தகங்கள் திறந்திருந்தன. எழுத்தைச் சுற்றிப் பழுப்புக் கறை பரவி, எதிர்ப் பக்கத்திலும் ஒட்டியிருந்தது. நான் அழுத்திச் சுழித்த எழுத்துகளின் நடுவில் காகிதமே இல்லை.

“எழுத்து உங்களோடது. மை யாரோடது?” என்றார்.

“டிராயிங் டீச்சர் குடுத்த மைங்கம்மா.”

‘குடுத்த’ என்ற அந்த ஒரு சொல்லை நான் யோசித்துச் சொன்னேனா, வாயில் தானாக வந்ததா என்று இன்றுவரை என்னால் தீர்மானிக்க முடியவில்லை. வந்த பிறகு நான் அதைத் திருத்தவில்லை. அதில் சந்தேகமே இல்லை.

அவரைக் கூப்பிட்டார்கள். கையில் சுண்ணாம்புத் தூளோடு வந்து நின்றார். புத்தகங்களைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது.

“இது நீங்க காய்ச்சின மையா?”

“ஆமாங்கம்மா. என்னோடதுதான்.”

“சர்டிபிகேட்ல எழுதுறதுக்கு இதையா குடுப்பீங்க?”

டிராயிங் டீச்சர் என்னைப் பார்த்தார். அதில் கோபம் இல்லை. வகுப்பில் கேள்வி கேட்டுவிட்டு, பதில் தெரிந்த பிள்ளை எழுந்திருக்கட்டும் என்று காத்திருப்போமே, அப்படித்தான் பார்த்தார். நான் என் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வகுப்பில் பிள்ளைகள் ஏதோ ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். மணி அடித்தது. “கேக்குறேன்ல?” என்றார் தலைமை ஆசிரியை. அப்போதும் டிராயிங் டீச்சர் வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்தையே ஒப்புதலாக எடுத்துக்கொண்டார்கள். மாத முடிவில் இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கடைசி நாளில் அவர் நிப்புகளைக் கழுவித் துடைத்து, குப்பிகளைத் துணிப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். வாசலில் எதிர்ப்பட்ட என்னிடம், “வாரேன்க்கா” என்றார்.

பழுதான புத்தகங்களுக்குப் பதில் புதியவை ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. ஒரு பெண்ணுக்கு மட்டும் வரவில்லை. வத்தலக்குண்டுப் பக்கத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்தவள் அவள். அவள் பிறந்த தேதி இருந்த இடம் முழுக்க ஓட்டை. பள்ளிப் பதிவேட்டில் ஒரு தேதி, ஊர்க் கணக்கில் ஒரு தேதி என்று கேள்விமேல் கேள்வியாக இழுத்துக்கொண்டே போனது. அதற்குள் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் சேரும் காலம் கடந்துவிட்டது. வீட்டில் ஆவணியிலேயே கல்யாணத்தை முடித்துவிட்டார்கள்.

நாலைந்து வருடம் கழித்து அவளை வத்தலக்குண்டு பஸ் நிலையத்தில் பார்த்தேன். ஒரு உறவுக்காரக் கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகப் பிள்ளைகளோடு ஓடிவந்து, “டீச்சர், நல்லாருக்கீங்களா?” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். பேச்சு அங்கே சுற்றி இங்கே சுற்றிப் பழைய கதைக்கு வந்தது. “எல்லாம் அந்த டிராயிங் டீச்சரால வந்ததுதான் டீச்சர். உங்களை மாதிரி நானும் டீச்சராகி இருப்பேன்ல” என்றாள். கண் கலங்கியிருந்தது. நான் அவள் தோளைத் தட்டிக் கொடுத்தேன். என் பஸ் வந்தது, ஏறிவிட்டேன். அந்தத் தட்டிக்கொடுத்தலை நினைத்தால் இன்றும் என் கை எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சின்னாளப்பட்டிக்குப் போனேன். டிராயிங் டீச்சர் அங்கே சுங்குடிச் சேலைக்குப் புள்ளி வடிவம் போட்டுக் கொடுத்துக்கொண்டிருப்பதாகப் பள்ளிக்கூடப் பியூன் சொல்லியிருந்தார். சின்ன வாடகை வீடு. கட்டம் போட்ட தாளில் பேனாவால் புள்ளி வைத்துக்கொண்டிருந்தார். “வாங்கக்கா” என்று தண்ணீர் கொடுத்தார். நான் உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். பஸ் நிலையத்தில் அந்தப் பெண் சொன்னதையும் சொன்னேன். கையிலிருந்த வரிசை முடியும்வரை புள்ளி வைத்துவிட்டுத்தான் அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

“நீங்கதான் எடுத்தீங்கன்னு அன்னைக்கே தெரியும்க்கா. உங்களை விட்டா அந்த ரூமுக்கு வேற யாரு வாரா?”

“பெறகு ஏன் டீச்சர் நீங்க சொல்லல?”

“நீங்க சொல்லுவீங்கன்னு நெனைச்சேன். மணி அடிக்கிற வரைக்கும் உங்க மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னேன்.”

மன்னித்துவிடச் சொல்லி அழுதேன். அவர் முகம் இளகவில்லை.

“இங்க வந்து எங்கிட்டச் சொல்லி என்னக்கா ஆகப்போகுது? நடந்தது எனக்குத்தான் தெரியுமே. என் பேரு அங்கல்ல கெட்டுக் கெடக்கு. அங்க போயிச் சொல்லுங்க. அந்தப் பிள்ளைகிட்டயும் சொல்லுங்க.”

“சொல்றேன்.”

“சொல்லிட்டு வாங்க. அப்பறம் ஒக்காந்து வரைவோம்.”

திங்கட்கிழமை தலைமை ஆசிரியையின் அறை வாசல்வரை போனேன். “என்ன?” என்று நிமிர்ந்து பார்த்தார். புதன்கிழமை ஒரு நாள் லீவு வேண்டும் என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன். பிறகு சொல்லலாம் என்று வருடங்கள் போயின. தலைமை ஆசிரியை ஓய்வு பெற்ற விழாவில், இளம் ஆசிரியைகளுக்கு எச்சரிக்கையாக அந்த மைக் கதையைச் சொன்னார். பொறுப்பில்லாத ஒரு டிராயிங் டீச்சரால் பிள்ளைகளின் வாழ்க்கையே பாழாகப் பார்த்தது என்றார். முடித்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். முதல் வரிசையில் இருந்த நானும் தட்டினேன். வத்தலக்குண்டுப் பெண்ணை நான் தேடிப் போகவில்லை. சின்னாளப்பட்டிக்கும் மறுபடி போகவில்லை. சொல்லாமல் அங்கே போய் உட்கார எனக்கு ஏது இடம்? பல வருடம் கழித்து டிராயிங் டீச்சர் காலமாகிவிட்டார் என்று யாரோ சொன்னார்கள். அதற்கு முன்பே தலைமை ஆசிரியையும் போய்விட்டார்.

எனக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. கை நடுங்குகிறது. மனம் அமைதிப்படும் என்று என் மகள் ஒரு பெட்டி வாங்கி வந்தாள். உள்ளே மெல்லிய முனைப் பேனாக்கள், சதுரமாக வெட்டிய வெள்ளை அட்டைகள், எப்படி வரைவது என்று படம் போட்ட சிறு புத்தகம். ஒரே வடிவத்தைத் திரும்பத் திரும்பப் போட வேண்டுமாம், அழிக்கக் கூடாதாம். “புதுசா வந்திருக்கும்மா, பழகிப் பாரு” என்கிறாள். நான் அந்தப் பேனாவைத் தொடவே இல்லை. என்ன காரணமோ, இந்த ஒரு விஷயத்தில் அம்மா பிடிவாதமாக இருக்கிறாள் என்று அவளுக்கு வருத்தம். அவளிடமும் நான் இதைச் சொன்னதில்லை.

டிராயிங் டீச்சர் அந்த மையைக் கொடுக்கவில்லை. தொடாதீர்கள் என்றுதான் சொல்லியிருந்தார். அவர் இல்லாத நாளில் போய் நான் எடுத்தேன். கொடுத்தார் என்று பொய் சொன்னேன். அவர் சொல்லச் சொன்ன இடம் இதுவல்ல என்று எனக்குத் தெரியும்.