தண்ணீர் வாங்கப் போனவன்

அவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். அதை முழுதாகச் சொல்ல யாருக்கும் பொறுமை இல்லாததால் எல்லோருக்கும் லிஃப்ட்காரர். நாள் முழுக்க உயரமான கட்டடங்களில், கிணறு போன்ற இருட்டுக்குள் இறங்கி, கிரீசும் தூசியுமாக வெளியே வருவார். அதனாலோ என்னவோ, காலையில் திறந்தவெளியில் ஓடுவதென்றால் அவருக்கு உயிர்.

மைத்துனனை ஓட்டத்துக்கு இழுத்து வந்ததும் அவர்தான். மனைவியின் தம்பி. வேலை போய், அக்கா வீட்டு சோபாவில் சுருண்டு கிடந்தவனின் போர்வையை உருவி, "எழுந்திரு மாப்ள, தெருமுனை வரைக்கும் போயிட்டு வரலாம்" என்று கிளப்பினார். தெருமுனைக்கு முன்பே அவன் விளக்குக் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். "என்னால ஆகாது மாமா. நான் எதுக்கும் லாயக்கில்ல."

"கம்பம் வரைக்கும் வந்துட்டியே, அது யாரு வந்தது? உன் ஆவியா?"

அவன் நின்றால் இவரும் நின்றார், நடந்தால் நடந்தார். இரண்டே வருடத்தில் தொப்பை கரைந்தது, புது வேலை கிடைத்தது, சிரிப்பும் திரும்பியது. மாரத்தானுக்குப் பெயர் கொடுத்த அன்று, சமையலறையில், அக்கா முன்னாலேயே அவன் சொன்னான்: "முடிவுக் கோட்டை ரெண்டு பேரும் கையைக் கோத்துக்கிட்டுத்தான் தாண்டறோம். நீங்க இல்லாம நான் தாண்ட மாட்டேன் மாமா."

முப்பது கிலோமீட்டர் வரை எல்லாம் நன்றாகத்தான் போனது. அதற்குமேல் லிஃப்ட்காரரின் வலது கெண்டைக்கால் ஈரத்துணியைப் பிழிவதுபோல் முறுக்கிக்கொண்டது. நொண்டியபடி பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் போய் விழுந்தார். மைத்துனன் குனிந்து காலை நீவிவிட்டான். நீவும்போதே இரண்டு தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

"நீங்க உக்காருங்க மாமா. வளைவுல தண்ணி குடுக்கறாங்க. வாங்கிட்டு ஒரு நிமிஷத்துல வந்துடறேன்."

போனான். அங்கே கூட்டமாக இருக்கும் என்று லிஃப்ட்காரர் முதலில் நினைத்தார். பிறகு, பையன் எங்கேயாவது மயங்கி விழுந்துவிட்டானோ என்று பயந்தார். காலை இழுத்து இழுத்து வளைவுக்குப் போய், தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த பெண்ணிடம் விசாரித்தார்.

"நீலச் சட்டைக்காரரா? அவர் நிக்கவே இல்லையே சார். ஓடிக்கிட்டே தம்ளரை வாங்கிட்டுப் போயிட்டாரு."

பாதியில் விட்டவர்களை ஏற்றி வரும் வண்டியில்தான் அவர் முடிவிடத்துக்கு வந்து சேர்ந்தார். மைத்துனன் கழுத்தில் பதக்கம். சுற்றிலும் அவன் அலுவலகத்து ஆட்கள், தோளில் தட்டல், போட்டோ. இவரைப் பார்த்ததும் அவன் முகம் ஒரு கணம் செத்தது. "நீங்க பின்னாடியே வந்துடுவீங்கன்னு நெனச்சேன் மாமா."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னபோது, அவள் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டே கேட்டாள். "விடுங்களேன். அஞ்சு மணி நேரத்துக்குள்ள முடிக்கறேன்னு ஆபீஸ்ல சவால் விட்டிருந்தான். அவனுக்கும் மானம் ரோஷம் இருக்காதா?"

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

அவள் ஏற்கெனவே மடித்த சட்டையை உதறி மறுபடி மடித்தாள்.

அந்த இரண்டு பேரையும் திட்ட அவருக்கு நாக்கு எழவில்லை. மிச்சம் இருந்தது அவர் மட்டும்தான். தன்னையே பிடித்துக்கொண்டார். இதெல்லாம் ஒரு காலா? கழுதை வயசில் உனக்கு எதற்கு ஓட்டம்? ஏமாந்த சோணகிரி, உன்னைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுப் போகாமல் வேறென்ன செய்வார்கள்? பல் தேய்க்கும்போதும் அதே பாட்டு, ஸ்பேனரைத் திருகும்போதும் அதே பாட்டு. ஓட்டக் காலணிகள் கட்டிலுக்கடியில் பல மாதம் தூசி தின்றன.

ஒருநாள் மதியம், ஓர் அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுவிட்டது. உள்ளே ஒரு பெண் தனியாக. கதவிடுக்கு வழியே அழுகை கேட்டது. "என் தப்புதான். படியில ஏறியிருக்கணும். நான் தொட்டது எது உருப்பட்டிருக்கு?"

லிஃப்ட்காரர் தரையில் மண்டியிட்டு இடுக்கில் வாயை வைத்தார். "லிஃப்ட் நின்னா அதுக்கு நீங்க என்னம்மா பண்ணுவீங்க? கீழ உக்காருங்க. மெதுவா மூச்சு விடுங்க. மேல ஆள் வேலை பாத்துக்கிட்டிருக்கான். நான் இங்கேதான் இருக்கேன், எங்கேயும் போக மாட்டேன்."

லிஃப்ட் மெல்ல நகரும்வரை அவளிடம் பேசிக்கொண்டே இருந்தார். முகம் தெரியாதவளுக்குக் கொடுக்கக் குரல் இருக்கிறது. இத்தனை மாதமாக இந்தக் குரலில் தன்னோடு ஒரு வார்த்தை பேசவில்லையே என்று வீடு திரும்பும் வழியெல்லாம் உறுத்தியது.

மறுநாள் காலணிகளைத் தட்டி மாட்டிக்கொண்டு கிளம்பினார். கொஞ்ச தூரத்திலேயே கெண்டைக்கால் பிடித்தது. வசவு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு, பூட்டியிருந்த ஒரு கடையின் படியில் உட்கார்ந்தார். "சரிப்பா, வலிக்குது. கொஞ்சம் உக்காரு" என்று தனக்கே சொல்லிக்கொண்டார். யாராவது கேட்டுவிட்டார்களோ என்று வெட்கமாகவும் இருந்தது.

பிறகு அழுகை வந்தது. காலைத் திட்டிக்கொண்டிருந்த வரைக்கும் மற்றதைப் பார்க்காமல் தப்பித்துவிட முடிந்தது. இப்போது கால் வெறும் வலித்த கால். ஏமாற்றியவன், தன் கையால் தூக்கி நிறுத்திய ஆள். அதற்குத் துணை போனவள் கூடப் படுத்து எழுகிறவள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மைத்துனன் வந்தபோது வாசலிலேயே நிறுத்திக் கேட்டார். "'நான் முன்னாடி போறேன் மாமா'ன்னு சொல்லியிருந்தா, முதுகுல தட்டி அனுப்பியிருப்பேனே. ஏன்டா பொய் சொன்ன?"

"சொன்னா வருத்தப்படுவீங்கன்னு..."

"பட்டிருப்பேன்தான். உன்னைத் தேடிக்கிட்டு நொண்டியிருக்க மாட்டேன்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். மனைவி உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது அவருக்குத் தெரியும். அவளாக ஏதாவது சொல்வாள் என்று பல நாள் காத்திருந்தார். அவள் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. வீட்டில் சாப்பாடு, சம்பளம், தண்ணீர்க் குழாய் ரிப்பேர் எல்லாம் வழக்கம்போல் நடந்தன.

அடுத்த வருடம் தனியாக ஓடினார். பாதிக்குமேல் ஓட்டமும் நடையும்தான். கால் முரண்டு பிடித்தபோதெல்லாம் நின்றார், நீவினார், அவசரப்படுத்தவில்லை. அவர் முடித்தபோது முக்கால்வாசிப் பேர் வீட்டுக்குப் போய்விட்டிருந்தார்கள். மனைவியும் மைத்துனனும் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார்கள். "மாமா!" என்று கத்திக்கொண்டு அவன் இரண்டு கைகளையும் விரித்தபடி ஓடி வந்தான்.

"வேர்வைடா" என்று சொல்லி, கையை மட்டும் நீட்டினார் லிஃப்ட்காரர்.