கூவம் கரைப் பாதையும் கையெழுத்துப் போடாத தெருவும்

திருவேற்காட்டில் கூவம் ஆற்றின் கரையோரமாகச் சைக்கிளில் போக வழி இருக்கிறதா என்று சென்ற வாரம் ஒருவர் கேட்டு எழுதியிருந்தார். எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் அப்படி ஒரு பாதை போடப் போகிறோம், உங்கள் கருத்தைச் சொல்லுங்கள் என்று ஊரைக் கூப்பிட்டு ஒரு கூட்டம் நடத்தினார்கள். தொண்ணூறுகளின் நடுவில், ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில். அதற்கு நான் போனேன், சைக்கிளில்தான். அந்தப் பயணத்தையும், மூன்று வாரம் கழித்துப் போன இன்னொரு பயணத்தையும் எழுதி வைக்கிறேன். இந்த மாதிரிக் கூட்டத்துக்கு உங்களுக்கும் ஒரு நாள் அழைப்பு வரலாம்.

நான் ஊர் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. என் அக்கா தனலட்சுமியின் வீடு அந்தக் கரையில் இருந்தது. இரண்டு அறை, ஓட்டுக் கூரை, பின்வேலியைத் தாண்டினால் ஆறு. பட்டா கிடையாது, முத்திரைத் தாளில் எழுதி வாங்கிய ஒரு காகிதம்தான். அந்த வரிசையில் இருந்த இருபத்து மூன்று வீடுகளுக்கும் அதே நிலைமை. ரேஷன் கடைச் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸை அக்கா ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, தெரிந்த ஆளிடம் கொடுத்தனுப்பியிருந்தாள். 'ஆற்றங்கரை நடைபாதை மற்றும் சைக்கிள் பாதை.' நாள் முழுக்க நடந்தே பிழைக்கிறவர்களிடம் வந்து, நடப்பதற்கு இடம் தருகிறேன் என்று ஒருவன் சொன்னால், அவன் கண் நடையின் மேல் இல்லை, இடத்தின் மேல் இருக்கிறது என்றுதான் எனக்குப் பட்டது.

நான் அப்போது ஆவடிக்குப் பக்கத்தில் கோவில்பதாகையில் குடியிருந்தேன். காலை ஏழே முக்காலுக்குக் கிளம்பி, ஆவடியில் ரயில் பாதையைக் கடந்து, பூந்தமல்லி சாலையில் பருத்திப்பட்டு வழியாக மிதித்தேன். காடுவெட்டியில் இடது பக்கம் திரும்பினால் திருவேற்காடு. மொத்தம் பதினொரு கிலோமீட்டர், நிதானமாகப் போனால் ஒரு மணி நேரம். மேடு என்று சொல்ல எதுவும் இல்லை, லாரிகள்தான் தொல்லை. ஞாயிற்றுக்கிழமை என்றால் அம்மன் கோவிலுக்கு வரும் வேன்களும் சேர்ந்துகொள்ளும்.

காடுவெட்டி திருப்பத்தில் பின் சக்கரம் பஞ்சர். காதர் பாய் என்ற ஒருவர் அங்கே புளியமரத்தடியில் சைக்கிள் கடை வைத்திருந்தார். பஞ்சருக்கு மூன்று ரூபாய், இருபது நிமிடம். டியூபைத் தண்ணீரில் முக்கியபடியே பேசினார்.

"கூட்டத்துக்கா தம்பி போறீங்க? நல்லதுதானே. பாதை வந்தா சைக்கிள் வரும், சைக்கிள் வந்தா பஞ்சரும் வரும்."

"அப்ப நீங்களும் வந்து சொல்லுங்களேன், பாய்."

"வரலாம். அங்க பேரு கீரு எழுதிப்பாங்களா?"

"எழுதிப்பாங்கன்னுதான் நினைக்கிறேன்."

"அப்ப நான் வர்ல" என்று சொல்லிவிட்டுக் காற்றடிக்க ஆரம்பித்தார். பாதை வேண்டும் என்கிறவருக்கே பேர் எழுதப் பயம். எனக்கு அது மிகவும் நியாயமாகத் தெரிந்தது.

என் பயத்துக்கு ஒரு கதை உண்டு. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னப் பட்டறையில் லேத்தில் வேலை செய்துகொண்டிருந்தேன். ஒரு வருடம் ஆயுதபூஜை அன்று முதலாளி எல்லோருக்கும் டீயும் பொரியும் கொடுத்து, வந்ததற்கு அடையாளம் என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார். தாளின் மேல் பாதி காலியாக இருந்தது. அடுத்த வாரம் பார்த்தால் அந்தக் காலி இடத்தில் டைப் அடித்திருந்தது: வார விடுமுறையை ஞாயிறிலிருந்து செவ்வாய்க்கு மாற்றத் தொழிலாளர்கள் சம்மதிக்கிறார்கள். கீழே என் கையெழுத்து, அழகாக, கோடு போட்டு. நாலு வருடம் எனக்கு ஞாயிற்றுக்கிழமை இல்லாமல் போயிற்று. அதற்குப் பிறகு எந்தக் காகிதத்தைப் பார்த்தாலும் முதலில் அதன் மேல் பாதியைத்தான் பார்ப்பேன்.

ஒன்பதே காலுக்கு அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். தெருவே வாசலில் நின்றது. பக்கத்து வீட்டுக் கொத்தனார் ஆறுமுகம் அண்ணன் என்னைப் பார்த்ததும், "வா நைனா, கம்பெனில வேல பாக்கறவன், நாலும் தெரிஞ்சவன், நீயே சொல்லு, இன்னா பண்லாம்?" என்றார். நாலும் தெரிந்தவன் என்று சொன்னால் யாருக்குத்தான் பிடிக்காது. பட்டறைக் கதையைச் சொன்னேன். கேள்வி எவ்வளவு வேண்டுமானாலும் கேளுங்கள், டீ கொடுத்தால் குடியுங்கள், கையெழுத்து மட்டும் யாரும் போடாதீர்கள் என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். அக்கா மட்டும் முந்தானையைச் செருகிக்கொண்டு முன்னால் நடந்தாள். அவள் பால்வாடியில் ஆசிரியை. தினம் காலையில் நாற்பது குழந்தைகளின் பேரைக் கூப்பிட்டு நோட்டில் குறிப்பது அவள் வேலை.

கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில், பத்தரை மணிக்கு. சைக்கிள் நிறுத்த ஒரு ரூபாய். வாசலில் ஒரு வெள்ளைக் கார், உள்ளே எழுபது எண்பது பேர். ஒரு மேசை மேல் பெரிய நோட்டு, நூலில் கட்டிய பேனா. நோட்டில் பெயர், முகவரி, கருத்து, கையெழுத்து என்று நாலு கட்டங்கள். நான் நேராகப் போய்ப் பக்கத்தின் மேல் பகுதியைப் பார்த்தேன். நாலு விரல் அகலத்துக்குக் காலி. என் சந்தேகம் உறுதியானது.

சுவரில் வரைபடம் மாட்டியிருந்தார்கள். ஆறு நல்ல நீல நிறத்தில் ஓடியது. அந்தக் கூவத்தை அந்த நிறத்தில் நான் பார்த்ததே இல்லை. கரை நெடுகப் பச்சையாக மரங்கள், சைக்கிளில் ஒரு பெண், தொப்பி வைத்த ஒரு பெரியவர். இருபத்து மூன்று வீடுகளில் ஒன்று கூட அதில் இல்லை. கோவில் குளத்திலிருந்து கணக்குப் போட்டு அக்கா வீடு எங்கே வரும் என்று விரலால் தேடினேன். அந்த இடத்தில் ஒரு பெஞ்சு வரைந்திருந்தார்கள். அக்காவும் பார்த்தாள்.

"என் அடுப்பு கீற எடத்துல குந்தறதுக்கு பெஞ்சு போட்டுகீறாங்கடா" என்றாள். குரலில் கோபம் கூட இல்லை.

அதிகாரி வயதில் சின்னவர், மரியாதையாகப் பேசினார். அது எனக்கு இன்னும் சந்தேகத்தைக் கிளப்பியது. இது முதல் வரைவுதான், எதிர்ப்பு இருந்தால் மாற்றுவோம், அக்கரையில் கொண்டுபோகவும் வழி இருக்கிறது என்றார். ஆறுமுகம் அண்ணன் எழுந்து, "எங்க ஊட்டுக்குள்ளதான் பாதை வருதா, அத சொல்லு சார் மொதல்ல" என்றார். "அதைத்தான் நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள், நான் மேலே அனுப்ப வேண்டும்" என்றார் அதிகாரி. நான் பின்னாலிருந்து கனைத்தேன். அண்ணன் உட்கார்ந்துவிட்டார். இப்படியே ஒன்றரை மணி நேரம். கேள்விகள் பறந்தன, பேனா நூலில் தொங்கிக்கொண்டே இருந்தது. கடைசியில் அதிகாரி கெஞ்சாத குறைதான். நாங்கள் டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்தோம். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

"நீ போய் சைக்கிள எடு, தண்ணி குடிச்சிட்டு வரேன்" என்று அக்கா பின்தங்கினாள். பத்து நிமிடம் ஆயிற்று.

மூன்று வாரம் கழித்து, ஒரு திங்கட்கிழமை, மறுபடி ஆள் வந்தது. கரையில் அளவுக் கல் நட்டுவிட்டார்கள் என்று. பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டு அதே பதினொரு கிலோமீட்டரை நாற்பது நிமிடத்தில் மிதித்தேன். முழங்கால் உயரத்துக்குச் சுண்ணாம்பு பூசிய கற்கள், ஒவ்வொரு வீட்டின் பின்வேலிக்குள்ளும் ஒன்று. ஆறுமுகம் அண்ணன் வீட்டில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில். அடுத்து அக்கா வீடு. அங்கே கல் இல்லை. அதற்கடுத்த வீட்டிலிருந்து மறுபடி கற்கள் வரிசையாகப் போயின.

தெரு முழுக்க அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. யாரும் அக்காவோடு பேசவில்லை. ஆறுமுகம் அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்க அக்கா ஆபீசருங்க வந்து போற எடத்துல வேல செய்யுது. யாராண்டயோ பேசி தனியா முடிச்சிகிச்சு. எங்கள கையெழுத்து போடாதன்னு நீ சொன்னதும் அதுக்குத்தானா?" என்றார். இதை எழுத வெட்கமாக இருக்கிறது: எனக்கும் அவள் மேல் சந்தேகம் வந்தது. அந்தப் பத்து நிமிடம் நினைவுக்கு வந்தது.

"இன்னாக்கா பண்ணே?" என்று கேட்டேன்.

"ஆபீசுக்கு வா, தெரியும்" என்றாள். "அண்ணனையும் கூட்டினு வா."

திருவேற்காட்டிலிருந்து பூந்தமல்லிக்குப் பஸ்ஸில் அரை மணி நேரம், ஆளுக்கு ஒன்றரை ரூபாய். மூன்று டிக்கெட்டையும் அக்காவே எடுத்தாள். வழியில் மூன்று பேரும் மூன்று ஜன்னல் பார்த்துக்கொண்டு போனோம். கூட்டம் நடத்தியவர்களின் அலுவலகம் அங்கேதான். ஒரு குமாஸ்தா, கேட்டதும் மறுக்காமல் கோப்பைப் பிரித்தார்.

"கூட்டத்துக்கு யாருமே வரலீங்களே" என்றார். "ஒரே ஒரு அம்மா வந்திருக்காங்க."

"எம்பது பேரு வந்தோம் சார். டீ குடிச்சோமே" என்றார் ஆறுமுகம் அண்ணன்.

"நோட்டுல இல்லியே" என்று அந்த நோட்டை எங்கள் பக்கம் திருப்பினார்.

ஒரே ஒரு வரி, பால்வாடிக் கையெழுத்தில், குண்டு குண்டாக. பெயர், முகவரி. கருத்துக் கட்டத்தில்: 'என் வீடு உள்ள இடத்தில் பெஞ்சு வரைந்துள்ளீர்கள். வீடு இருக்கிறது. நான் சம்மதிக்கவில்லை.' கையெழுத்து. பக்கத்தின் மேலே இருந்த அந்த நாலு விரல் காலி இடத்தைக் குறுக்குக் கோடு போட்டு முழுவதும் அடித்திருந்தாள். கீழே மிச்சமிருந்த பக்கத்தையும்தான். மறுப்பு வந்த இடத்தில் அளவெடுப்பை நிறுத்தி வைத்திருப்பதாகவும், மற்ற இருபத்திரண்டு வீட்டுக்காரர்களும் எதிர்ப்பு தெரிவிக்காததால் வேலை நடப்பதாகவும் குமாஸ்தா விளக்கினார். அதில் சூது எதுவும் இல்லை, யாரிடமும் எதுவும் பேசி முடிக்கவும் இல்லை. எனக்குக் காது சுட்டது.

"ஏன்க்கா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா உடுவியா? நீ அத்தினி பேரு முன்னாடி பெரிய மனுசனாட்டம் பேசிகினு இருந்தே. நோட்டுல பேரு இல்லாத புள்ளைக்கு முட்ட கெடையாதுடா. வந்து என் எதிர்க்கவே குந்தினு இருந்தாலும் கெடையாது. தெனமும் நான் பாக்கறதுதானே." பிறகு அண்ணன் பக்கம் திரும்பி, "தெருல எல்லாராண்டயும் அன்னிக்கே சொல்லிருக்கணும். இவன் பேச்சுக்கு எதுர்பேச்சு எதுக்குன்னு உட்டுட்டேன். அது என் தப்பு" என்றாள்.

அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தாமதமாக மறுப்புக் கொடுக்க இன்னும் பத்து நாள் இருக்கிறது என்றார் குமாஸ்தா. மறுநாள் மாலையே பால்வாடியில் அக்கா தெருவைக் கூட்டினாள். பேர் கூப்பிட்டாள், ஒவ்வொருவராக வந்து, மனுவைப் படிக்கக் கேட்டு, கையெழுத்தோ ரேகையோ வைத்தார்கள். இருபத்திரண்டு வீடு. நான் மூலையில் குட்டி நாற்காலியில் உட்கார்ந்து, காலி இடங்களில் கோடு போடும் வேலையைச் செய்தேன். எனக்குக் கிடைத்த வேலை அதுதான்.

மறு விசாரணை நடந்தது. அளவெடுப்பு நின்றது. அக்கரையில் கொண்டுபோகிறோம் என்றார்கள், அதுவும் வரவில்லை. உண்மையிலேயே நடப்பதற்குத்தான் பாதை போட நினைத்தார்களா, வேறு ஏதாவது எண்ணமா என்று இன்று வரை எனக்குத் தெரியாது. அந்த அதிகாரி நல்லவராகவே இருந்திருக்கலாம். என்னால் இப்போதும் முழுசாக நம்ப முடியவில்லை, அது என் குணம். கற்களில் ஒன்றை அண்ணன் பிடுங்கித் துவைக்கிற கல்லுக்கு முட்டுக் கொடுத்துவிட்டார்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ஆவடியிலிருந்து சைக்கிளில் போவதானால் காலை எட்டு மணிக்குள் பூந்தமல்லி சாலையைக் கடந்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை கோவில் பக்கம் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது, முன்னாலேயே நிறுத்திவிட்டு நடங்கள். கூட்டத்துக்குப் போவதானால் சொந்தப் பேனா கொண்டு போங்கள். வரைபடத்தில் உங்கள் வீடு எங்கே என்று விரல் வைத்துப் பாருங்கள். சந்தேகப்படுங்கள், தாராளமாக. காலி இடத்தைக் கோடு போட்டு அடியுங்கள். அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

இந்தக் கதையை வீட்டு விசேஷங்களில் நான் பல தடவை சொல்லியிருக்கிறேன். வெள்ளைக் கார், நீல ஆறு, பெஞ்சு, எல்லாம் விடாமல் சொல்வேன். அக்கா பந்தியில் பரிமாறியபடியே கேட்டுக்கொண்டிருப்பாள். நான் முடித்ததும் ஒவ்வொரு தடவையும் அவள் சொல்வது ஒன்றுதான்.

"இவன் சொல்றத நம்பாதீங்க. அன்னிக்கு இவன் கூட்டத்துக்கே வரல. வேணும்னா நோட்ட பாத்துக்கங்க."