விளங்காதவளாய் இருந்த மாதங்கள்

என் வலது தோள் உடைந்தது வேலையிடத்தில். ஆனால் அவசர சிகிச்சை நிலையத்துக் கடதாசியில் வீட்டுப் படியில் சறுக்கி விழுந்ததாக எழுதியிருந்தது. அதை எழுதும்போது நான் டொக்டருக்கு முன்னால்தான் இருந்தேன். வாயில் நாக்கும் இருந்தது. பேசவில்லை.

புதிய நூற்றாண்டு பிறந்து ஐந்தாறு வருடமான காலம். ஒஸ்லோவின் கிழக்குப் பக்கத்தில் ஒரு சலவைத் தொழிற்சாலையில் வேலை செய்தேன். முதியோர் இல்லங்களின் படுக்கை விரிப்புகளும் துவாய்களும் அங்கே மலைமலையாய் வந்து குவியும். எங்கள் ஷிப்டில் ஏழு தமிழர். ஏழு பேரையும் உள்ளே கொண்டுவந்தவர் ஒரே ஆள்தான். அவரே எங்களுக்கு மேற்பார்வையாளர். சொந்தமில்லை, ஆனால் எல்லோருக்கும் அவர் அண்ணைதான். எனக்கு இரண்டு வருடம் ஒருவரும் வேலை தராமல் இருந்தபோது, "இது என்ரை தங்கச்சி மாதிரி" என்று முதலாளியிடம் போய் நின்றவர். அந்த நன்றி எனக்கு எப்போதும் இருந்தது. நன்றி ஒரு மனுசியின் வாயை எப்படிக் கட்டும் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஈரத்துணி ஏற்றும் வண்டில் ஒன்றுக்குப் பிறேக் வேலை செய்யவில்லை. அண்ணை அலுவலகத்துக்குச் சொன்னார். பார்க்கிறோம் என்றார்கள். வேலை நிற்கக்கூடாதே என்று அவர் பழைய விரிப்பைக் கிழித்து, வண்டில் தானாய் ஓடிவிடாதபடி அதன் சக்கரச் சில்லை இறுக்கிக் கட்டிவிட்டார். எங்கள் ஆட்களின் குணம் அது. உடைந்ததை உடைந்தது என்று எழுதி ஒதுக்கி வைக்க மாட்டோம், கட்டி ஓட்டுவோம். இரண்டு கிழமை ஓடியது. மாசி மாதத்தில் ஒரு காலை, உலர்த்தும் இயந்திரங்களுக்கு இறங்கும் சரிவில், அந்தத் துணி அறுந்தது. நிரம்பிய வண்டில் என்னைச் சுவரோடு சேர்த்து அடித்தது. தோளுக்குள் என்னவோ முறியும் சத்தம் எனக்கே கேட்டது. இயந்திரச் சத்தத்தில் வேறு ஒருவருக்கும் கேட்கவில்லை. ஓடி வந்தவர் அண்ணை மட்டும்தான்.

தன்னுடைய காரிலேயே ஏற்றிக்கொண்டு போனார்.

"ஒண்டுக்கும் யோசியாதையும் தங்கச்சி. நான் கதைக்கிறன்," என்றார்.

எங்களுக்குள் அதுதான் வழக்கம். மொழி நன்றாய்த் தெரிந்தவர் கதைப்பார், மற்றவர் பக்கத்தில் இருப்பார். பள்ளிக்கூடம், வங்கி, வைத்தியர், எங்கே போனாலும் அப்படித்தான். மூத்தவர் ஒருவர் எங்களுக்காக வாய் திறந்தால், வெள்ளைக்காரருக்கு முன்னால் குறுக்கே பேசி அவர் முகத்தை முறிக்க மாட்டோம்.

டொக்டர் கேட்டார். அண்ணை சொன்னார். வீடு, படி, பனி. நான் நோர்வே மொழி வகுப்பு மூன்றாம் படி பாஸ் பண்ணியவள். மூன்று சொல்லும் எனக்கு விளங்கியது. திடுக்கிட்டு அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் டொக்டரின் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். டொக்டர் என் பக்கம் திரும்பி, "அப்படித்தானா?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன்.

ஏன் ஆட்டினேன் என்று என்னை நானே நூறு தரம் கேட்டிருக்கிறேன். வலி என்று சொல்லலாம். மரியாதை என்று சொல்லலாம். உண்மை என்னவென்றால், பயந்துவிட்டேன். சில்லைக் கட்டியது அவர். விசயம் வெளியே வந்தால் அவருக்கு வேலை போகும், அவர் கொண்டுவந்த எங்களுக்கும் போகும் என்று அந்த ஒரு நிமிடத்துக்குள் கணக்குப் போட்டுவிட்டேன். திரும்பும் வழியில் அண்ணை காரை மருந்துக்கடை வாசலில் நிறுத்தி, எனக்கு வலி மாத்திரை வாங்கித் தந்தார்.

தோளுக்குள் தகடு வைத்து ஆணி அடித்தார்கள். கோடை வந்து போனது. கை தோளுக்கு மேலே எழும்பவில்லை. மகளுக்குத் தலை பின்ன முடியாது, அலுமாரியின் மேல் தட்டில் உப்புப் போத்தல் இருந்தால் அது அங்கேயே இருக்க வேண்டியதுதான். சுகயீன விடுப்புக் காசு ஒரு வருடத்தோடு முடியும் என்று கடிதம் வந்தது. வீட்டில் விழுந்தவளுக்கு அதோடு சரி. வேலையில் விழுந்தவளுக்கு என்றால் வேலைகொடுத்தவரின் காப்புறுதி பொறுப்பு. ஆனால் வேலையில் நடந்தது என்று ஒரு வருடத்துக்குள் அறிவிக்க வேண்டும். அதில் எட்டு மாதம் ஏற்கெனவே போய்விட்டிருந்தது.

என் கணவர் பஸ் ஓட்டுபவர். கூட ஓட்டும் ஒருவரிடம் விசாரித்து ஒரு சட்டத்தரணியின் நம்பரைக் கொண்டுவந்தார். முதல் சந்திப்புக்குக் காசில்லை, வழக்கு வென்றால் காப்புறுதிக்காரரே அவருக்குக் கொடுப்பார்கள் என்றார்.

"அங்கை போய் என்னெண்டு சொல்லுறது?" என்று கேட்டேன். "நானெல்லோ தலையாட்டினனான்!"

"அவர் கதைச்சது விளங்கேல்லை எண்டு சொல்லும். முடிஞ்சுது."

"அப்ப அண்ணை?"

"அண்ணையைப் பாத்துக்கொண்டிருந்தால் உம்மடை கை வருமே? விசர்க்கதை கதையாதையும். பொய்யை ஆர் சொன்னது? நீரோ, அவரோ?"

எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்ததே அவர் சொன்னது எனக்குப் பிடித்திருந்ததால்தான். முழுப் பழியும் அடுத்தவர் தலையில் இறங்கினால் என் தலை எவ்வளவு இலேசாகும் என்று நானும் நினைத்துப் பார்த்திருந்தேன்.

சந்திப்புக்கு நாள் வைக்கும்போது கணவர் தொலைபேசியில், "என்ரை மனுசிக்கு மொழிபெயர்ப்பாளர் வேணும்," என்று சொல்லிவிட்டார். மொழி விளங்காதவளுக்கு மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் எப்படி?

சந்திப்பு நாளில் எங்கள் வீட்டுப் பக்கத்து ஸ்டோவ்னர் ஸ்டேசனில் ரெயின் ஏறினேன். மடியில் கனமில்லாவிட்டால் வழியில் பயமில்லை என்பார்கள். என் மடி நிறையக் கனம். எதிரே இருந்த கிழவி என்னைப் பார்த்துச் சிரித்ததுகூட எல்லாம் தெரிந்து சிரிப்பது போலத்தான் இருந்தது. பொய் சொன்னதற்குப் பொலிஸ் பிடிக்குமா, அகதியாய் வந்த பைலை மறுபடி திறப்பார்களா என்று தலைக்குள் ஒரே ஓட்டம். எனக்குக் குடியுரிமை கிடைத்து நாலு வருடம். இருந்தும் என்ன, முத்திரை குத்திய கடதாசியைக் கண்டால் எங்கள் சனம் இரண்டு அடி பின்னுக்கு நிற்கும்.

சட்டத்தரணி ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண். கண்ணாடியை மூக்கு நுனியில் விட்டுக்கொண்டு பார்த்தார். நல்ல முகம். நல்ல முகத்துக்கு முன்னால் பொய் சொல்வதுதான் இன்னும் கஷ்டம். மேசையில் ஒரு தொலைபேசி. அதற்குள்ளிருந்து மொழிபெயர்ப்பாளரின் குரல், தமிழ்நாட்டுக்காரர்.

"வணக்கம் மேடம். அவங்க கேக்குறத நான் தமிழ்ல சொல்றேன். நீங்க மெதுவா பதில் சொல்லுங்க."

சட்டத்தரணி கேட்பார். எனக்கு விளங்கும். ஆனால் விளங்காத முகத்தோடு தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். குரல் தமிழில் சொல்லி முடித்த பிறகு, அப்போதுதான் கேட்டதுபோலப் பதில் சொல்ல வேண்டும். இரண்டு தரம் ஒரே கேள்விக்கு முன்னால் இருப்பது என்ன சித்திரவதை தெரியுமா! கண் இமைத்தால்கூடப் பிடிபடுவேன் என்று பயந்தேன்.

"எந்தத் தோள்?" என்று அவர் நோர்வே மொழியில் கேட்டார். தொலைபேசி வாய் திறக்குமுன் என் இடது கை வலது தோளைத் தொட்டுவிட்டது.

அவருடைய பேனை நின்றது. ஐயோ, எல்லாம் முடிந்தது என்றே நினைத்தேன். குரல் தொலைபேசிக்குள், "எந்தத் தோள்பட்டைன்னு கேக்குறாங்க மேடம்," என்றது. "வலது தோள்," என்றேன். சட்டத்தரணி ஒரு கணம் என்னைப் பார்த்தார், பிறகு எழுதினார். கவனித்தாரா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பிறகு அந்தக் கேள்வி வந்தது. அவர் மிக மெதுவாய், சொல் சொல்லாய்க் கேட்டார். உங்கள் மேற்பார்வையாளர் டொக்டரிடம் சொன்னது அன்றைக்கு உங்களுக்கு விளங்கியதா?

தொலைபேசி அதைத் தமிழில் சொல்ல எடுத்த நேரத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். நேரம் இருந்தது. சொல்லவும் நினைத்தேன், சத்தியமாய்.

"விளங்கேல்லை," என்றேன்.

"ஸாரி மேடம், புரியலைன்னு சொல்றீங்களா?"

கோதாரி பிடித்த பொய்யை இரண்டாம் தரமும் சொல்ல வைத்தது அந்தக் குரல். "ஓம். எனக்கு விளங்கேல்லை."

"அப்படியானால் ஏன் தலையாட்டினீர்கள்?" என்று சட்டத்தரணி கேட்டார்.

"டொக்டர் கேட்டார். மரியாதைக்கு ஆட்டினனான்."

சட்டத்தரணி பெருமூச்சு விட்டு, இதை நிறையப் பேரிடம் கண்டிருக்கிறேன் என்றார். வருடம் முடியுமுன் நாங்கள் அறிவித்துவிடுவோம், ஆனால் முதல் நாள் பதிவு எங்களுக்கு எதிராக நிற்கிறது, கண்ட ஆள் உங்கள் மேற்பார்வையாளர் ஒருவர்தான், அவருக்கு நான் எழுத வேண்டும் என்றார். நான் தொலைபேசி சொல்லும்வரை காத்திருந்து, பிறகு சரி என்றேன்.

அதற்குப் பிறகு வந்த நாட்களை நான் நாட்கள் என்று சொல்ல மாட்டேன். கதவு மணி அடித்தால் அண்ணை என்று நினைத்து அறைக்குள் போய் நிற்பேன். அவரும் எங்கள் பக்கத்துக் கட்டடங்களில்தான் இருந்தார். அதனால் ஸ்டோவ்னர் கடைத்தொகுதிக்குப் போவதை விட்டு, அரிசிக்கும் பாலுக்கும் வேறு ஸ்டேசனுக்கு ரெயினில் போனேன். கோயிலுக்கும் போகவில்லை. அவர் கேள்வி கேட்பார் என்ற பயம் ஒன்று. அவர் உண்மையை எழுதிவிடுவார் என்ற பயம் அதைவிடப் பெரிது. "அவளுக்கு நல்லாய் விளங்கும், என்னை நிமிர்ந்து பார்த்தாள், பார்த்துவிட்டுத்தான் தலையாட்டினாள்" என்று ஒரு வரி எழுதினால் என் வழக்கு அங்கேயே செத்துப்போகும். எனக்கு வேலை எடுத்துத் தந்த மனிதன் பொய்யனாய்த் தனியே நிற்க வேண்டும் என்று நான் கடவுளைக் கும்பிட்டேன். இதை எழுதவே வெட்கமாய் இருக்கிறது.

மார்கழியில் சட்டத்தரணியின் கடித உறை வந்தது. கணவர் வேலைக்குப் போயிருந்தார். ஒரு கையால் கிழித்தேன். உள்ளே அண்ணையின் வாக்குமூலத்தின் பிரதி. நோர்வே மொழியில், அவருடைய கையெழுத்தில், ஒன்றரைப் பக்கம்.

பிறேக் உடைந்ததை எழுதியிருந்தார். துணியால் கட்டியது தான்தான் என்று எழுதியிருந்தார். டொக்டரிடம் பொய் சொன்னதும் தானே என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே: "நான் டொக்டரிடம் என்ன சொல்கிறேன் என்று அந்தப் பெண்ணுக்கு விளங்கவில்லை. உங்கள் வலியைப் பற்றித்தான் சொல்கிறேன், டொக்டர் கேட்டால் தலையாட்டுங்கள் என்று அவருக்குத் தமிழில் சொன்னேன். அவர் என்னை நம்பி ஆட்டினார்."

அப்படி ஒரு சொல்லும் அவர் தமிழில் சொல்லவில்லை.

நான் நிலத்தில் குந்தி அந்த வரிகளை இன்னொரு தரம் வாசித்தேன். அவருக்குத் தெரியும். நான் திடுக்கிட்டுப் பார்த்தது அவருக்குத் தெரிந்திருந்தது. சட்டத்தரணி கடிதத்தில் மகிழ்ச்சியாய் எழுதியிருந்தார், இது நீங்கள் சொன்னதை முழுமையாக உறுதிப்படுத்துகிறது என்று.

தை மாதத்தில் அவரை ரெயின் ஸ்டேசன் படியில் நேருக்கு நேர் கண்டேன். ஒளிக்க இடமில்லை. மெலிந்திருந்தார். அவரை வேலையிலிருந்து நிற்பாட்டிவிட்டதை அதற்கு முன்பே கேள்விப்பட்டிருந்தேன்.

"கை எப்பிடித் தங்கச்சி?" என்றார்.

"அண்ணை, அண்டைக்கு எனக்கு…" என்று தொடங்கினேன்.

அவர் சட்டென்று சுற்றும் முற்றும் பார்த்தார். அந்த மனிதனின் கண்ணில் நான் கண்டது கோபமில்லை, பயம். என்னுடைய அதே பயம். கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினார்.

"உமக்கு விளங்கேல்லை. நான் அப்பிடித்தான் எழுதிக் குடுத்தனான். உம்மடை அலுவல் இன்னும் முடியேல்லை. ஆரிட்டையும் மாத்திக் கதைச்சுப் போடாதையும், வீட்டிலையும் வேண்டாம்."

"நீங்கள் ஏன் அண்ணை உப்பிடி…"

"சில்லைக் கட்டினது நான்," என்றார். "போய் வாரும். குளிருக்குள்ளை நிக்காதையும்."

சித்திரையில் முடிவு வந்தது. வேலையிடத்து விபத்து என்று ஏற்றுக்கொண்டார்கள். கணவர் மகளைக் கூட்டிக்கொண்டு போய் கேக் வாங்கி வந்தார். "பாத்தீரே, நான் சொன்னது சரி," என்றார். ஓம் என்றேன். அடுத்த நாள் அண்ணையின் கதவு மணியை அடித்தேன். வேறு குடும்பம் திறந்தது. முந்தின கிழமைதான் அண்ணை குடும்பம் வீட்டை விட்டுப் போனதாம், வேறு நகரத்துக்கு, எந்த நகரம் என்று புதிதாய் வந்தவர்களுக்குத் தெரியவில்லை. அன்றைக்கு எனக்கு எல்லாம் விளங்கியது என்பதை நோர்வே மொழியில் மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன், முதலில் அண்ணைக்குச் சொல்லிவிட்டு, சட்டத்தரணிக்கும் அப்படியே சொல்லிவிடலாம் என்று. சட்டத்தரணியிடம் நான் இன்னும் போகவில்லை.