மூணு டிவிக்கு ஒரு பெட்டி

ஹாலில் பெரிய மச்சான், என் மனைவியின் அண்ணன். பக்கத்தில் என் மனைவி. கீழே பாயில் என் மகள். மாடியில் சின்ன மச்சான். பின்னறைக் கட்டிலில் மாமியார். நான் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பிரியாணிக் கடை அடுப்பை விட்டு நகர முடியாது.

மகள் பேச்சுப் போட்டியில் பேசியதை அன்றைக்கு டிவியில் போட்டார்கள். சின்ன சேனல். மறுபடி போட மாட்டான், நெட்டிலும் ஏற்ற மாட்டான். என்னம்மா பேசினே என்று முன்னாடியே கேட்டேன்.

"உங்களைப் பத்தித்தான் அத்தா. டிவியில பாத்துக்கங்க."

அதுக்கு மேல் வாயைத் திறக்கவில்லை.

போனில் பிடித்து வைக்கிறேன் என்றாள் மனைவி. பெரிய மச்சான் சிரித்தார். "மெஷினு இருக்கும்போது போனா? பென் டிரைவ் சொருகிருக்கேன். மாப்ளே, நீங்க போய் அரிசியப் பாருங்க."

மெஷின் என்றால் மொட்டைமாடி டிஷ்ஷுக்கு வாங்கிய பெட்டி. மூணு டிவிக்கு மூணு பெட்டி வாங்குகிறவன் கூமுட்டையாம். நாகல் நகரில் வயர் வாங்கி, ஒரே பெட்டியிலிருந்து மாடிக்கும் பின்னறைக்கும் இழுத்தார். அறைக்கு ஒரு ரிமோட். எங்கே அமுக்கினாலும் ஹாலில் இருக்கும் பெட்டி கேட்கும். ஒருத்தர் வைத்ததைத்தான் எல்லாரும் பார்க்கணும். மாடியில் கிரிக்கெட் வைத்தால் பின்னறையில் சீரியல் காணாமல் போகும். "ஏலே, எவன்டா மாத்துனது?" என்று மாமியார் கத்துவார். இதுக்குப் பேர் வசதி. விருந்தாளி வந்தால் தண்ணி கொடுக்கும் முன்னே இதைக் காட்டுவார்.

அன்றைக்கு எவனும் சேனல் மாத்தக் கூடாது என்று உத்தரவு. யாரும் மாற்றவில்லை. அவர் மறந்தது பாங்கை.

பள்ளிவாசலில் தொழுகைக்குப் பாங்கு சொன்னால் எங்கள் வீட்டில் டிவியை அணைப்போம். பென் டிரைவில் இடம் கம்மி என்று, மகள் மேடைக்கு வந்த பிறகுதான் பெரிய மச்சான் பதிவை ஆரம்பித்தார். உடனே அந்தி நேரத்து மஃரிப் பாங்கு. அவர் சத்தத்தை மட்டும் குறைத்தார். பெட்டியை அணைத்தால் பதிவும் நின்றுபோகும். அது அவருக்குத் தெரியும். மற்றவர்களுக்குச் சொல்லவில்லை.

முன் தெருப் பள்ளிவாசல் பாங்கைக் கேட்டு மாடியில் சின்ன மச்சான் சிவப்பு பட்டனை அமுக்கினார். பெட்டி அணைந்தது. செத்த நேரத்தில் பின் தெருப் பள்ளிவாசலில் சொன்னார்கள். மாமியார் திரையைப் பார்க்காமல் பழக்கத்தில் அதே சிவப்பு பட்டனை அமுக்கினார். அணைந்த பெட்டி மறுபடி ஓட ஆரம்பித்தது. பாங்கு நேரத்தில் டிவி ஓடுதே என்று மாடியில் சின்ன மச்சான் பதறி மறுபடி அமுக்கினார். "அமுக்காதீங்கடா!" என்று ஹாலில் பெரிய மச்சான் அலறினார். "பாங்கு நேரத்துல என்னடா கூப்பாடு, ஷைத்தான்!" என்று பின்னறையிலிருந்து ஏச்சு. பெட்டியை எழுப்பிச் சேனலைப் பிடித்தபோது வேற பிள்ளை பேசிக்கொண்டிருந்தது.

இவ்வளவையும் மனைவி மறுநாள் காலையில் சொன்னாள். மகளை மறுபடி பேசிக் காட்டச் சொன்னேன். "திருப்பிச் சொன்னா அப்படி வராது அத்தா" என்று பையை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போய்விட்டாள்.

பெரிய மச்சானிடம் பென் டிரைவைக் கேட்டேன். பதிவானவரைக்கும் கடைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்கலாம் என்று.

"இந்தப் பெட்டியிலதான் ஓடும் மாப்ளே. வேற எதுலயும் ஓடாது. அது ஒரு பாதுகாப்பு."

யாரிடமிருந்து என்று நான் கேட்கவில்லை.

"மெஷின் மேல தப்பில்ல. ஆளுக சரியில்ல. அடுத்து சமையக்கட்டுக்கும் ஒரு வயர் இழுக்கப் போறேன்."

அவரே போட்டுக் காட்டினார். மகள் நடந்து வந்தாள். மைக்கை இறக்கினாள். "எங்க அத்தா" என்றாள். படம் நின்றது.

"என்னா தெளிவு, பாத்தீங்களா?" என்றார் மச்சான்.

எம்புட்டுப் பதிவாகியிருக்கிறது என்று திரையின் ஓரத்தில் போட்டிருந்தது.

பதினாலு விநாடி.