சாவி அரியாங்குப்பத்தில் இருந்தது

சுற்றுகிற எதைக் கண்டாலும் முருகையனுக்குக் கை சும்மா இருக்காது. முதலியார்பேட்டையில், மில்லுக்கு அடுத்த தெருவில் குடியிருந்தார். அந்த மில்லிலேயே இருபத்து நான்கு வருஷமாக ஃபிட்டர். தெருவில் தையல் மிஷின் மக்கர் செய்தாலும், சுவர்க் கடிகாரம் நின்றாலும், கிணற்று ராட்டினம் கிறீச்சிட்டாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். கூலி கேட்கத் தெரியாத மனுஷர். காபி கொடுத்தால் குடிப்பார். கொடுக்காவிட்டால் வாயைத் துடைத்துக்கொண்டு வந்துவிடுவார்.

ரயில் வந்ததும் அப்படித்தான். பிரெஞ்சுக் கொடி இறங்கிய மறு வருஷம், ஊருக்குக் கப்பலேறப் போகிற ஒரு பிரெஞ்சுக்கார மதாம் வீட்டில் ஓடாத கடிகாரத்தை ஓட வைத்தார். மூட்டை முடிச்சுக் கட்டும் அவசரத்தில் இருந்த அந்த அம்மாள், ஓர் அட்டைப் பெட்டியைத் தூக்கி அவர் கையில் வைத்துவிட்டார். உள்ளே, சாவி கொடுத்தால் ஓடும் தகர இஞ்சின் ஒன்று, பெட்டி இரண்டு, பதினான்கு துண்டுத் தண்டவாளம். மீதித் தண்டவாளத்தை அந்த வீட்டுப் பிள்ளைகள் எங்கே தொலைத்தார்களோ. நாற்பத்தைந்து வயது மனுஷர், வீடு வந்து சேருவதற்குள் நாலு இடத்தில் நின்று பெட்டியைத் திறந்து பார்த்தார்.

ஆனால் வைக்க இடம் வேண்டுமே. வீடு என்று பேர், இருந்தது ஒரே அறை. பின்னால் சமைக்க ஒரு தாழ்வாரம். அறையின் நீளம் மூன்று மீட்டர், அகலம் இரண்டரை. முருகையன் எதையும் மீட்டரில்தான் அளப்பார். அடி, அங்குலமெல்லாம் இங்கிலீஷ்காரன் ஆண்ட கடலூர்க்காரர்கள் சமாசாரம் என்பது அவர் கட்சி. எதில் அளந்தால் என்ன, துணிப்பெட்டி, அரிசிப் பானை, அவர், மனைவி கன்னியம்மாள், மகள் சந்திரகலா எல்லாரும் போக அங்கே மிச்சம் ஒன்றுமில்லை. அட்டைப் பெட்டி இரண்டு வருஷம் உறியில் தொங்கியது.

அப்புறம் சந்திரகலாவுக்குக் கல்யாணம் ஆயிற்று. ஆற்றுக்கு அந்தப் பக்கம் அரியாங்குப்பத்தில், பலராமன் என்கிற பையனுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். அவள் பாய் விரித்துப் படுக்கும் கிழக்குச் சுவரோரம் காலியானது. முருகையனால் அந்த இடத்தைப் பார்க்க முடியவில்லை. வேலை விட்டு வந்தால் கண் அங்கேயே போய் நின்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கழித்துக் கட்டிய பெட்டிப் பலகைகளை வாங்கி வந்து அங்கேயே உட்கார்ந்து அறைய ஆரம்பித்தார். ஒரு மீட்டர் எழுபது நீளம், தொண்ணூறு சென்டிமீட்டர் அகலம். சரியாக ஒரு பாயின் அளவு.

"பொண்ணு போன எடத்துல ரயிலு வந்து படுத்துக்கிச்சு," என்றாள் கன்னியம்மாள்.

பிஸ்கட் டின்னை வெட்டி, மடித்து, குறைந்த தண்டவாளங்களைச் செய்தார். இந்தக் கோடியில் புதுச்சேரி ஸ்டேஷன், அந்தக் கோடியில் வில்லியனூர். விழுப்புரம் வரைக்கும் கொண்டுபோக ஆசைதான், பலகை விடவில்லை. முற்றிக் காய்ந்த பீர்க்கங்காய்க் கூட்டைப் பச்சைச் சாயத்தில் முக்கி மரம் நட்டார். உடைந்த கண்ணாடித் துண்டு ஒன்று வில்லியனூர் ஏரியானது. அந்தக் காலத்தில் பிரெஞ்சு எல்லையில் ரயிலை நிறுத்தி மூட்டையைக் குடைவார்களே, அந்தச் சுங்கச் சாவடியை மட்டும் வைக்கவில்லை. சுதந்திரத்தால் தனக்குப் பத்து சென்டிமீட்டர் லாபம் என்று மில்லில் சொல்லிச் சிரித்தார்.

ஐம்பத்தெட்டாம் வருஷம் ஆனியில் பலராமன் வந்து, சந்திரகலா முழுகாமல் இருக்கிறாள், ஐந்து மாதம் ஆகிறது என்றான். கன்னியம்மாள் அவனுக்கு வாய் நிறையச் சர்க்கரை போட்டாள். அவன் தெருமுனை திரும்பியதும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கிழக்குச் சுவரோரம் போய் நின்றாள்.

"தலைப்பிரசவம். ஆவணியில வளையல் போட்டு இங்க அழைச்சிக்கிட்டு வரணும். எங்க படுக்க வப்பீங்க? வில்லியனூரு ஏரியிலயா?"

தலைப்பிரசவத்துக்குப் பெண்ணை அழைக்க இடமில்லை என்று சம்பந்தி வீட்டுக்குச் சொல்லி அனுப்புவதைவிட நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம். அதோடு சந்திரகலா பயந்த சுபாவம். வலி எடுக்கிற நேரத்தில் அம்மா பக்கத்தில் இல்லாவிட்டால் என்ன ஆவாளோ. பலகையை எடுத்துவிடுவது என்று அப்போதே முடிவு செய்தார். மில்லில் கூட வேலை செய்யும் கோவிந்தராசு வீட்டுக் கொட்டகையில் போட்டு வைக்கலாம் என்று மறுநாள் ஆள் கூட்டிவந்து தூக்கியபோதுதான் விஷயம் தெரிந்தது. வாசற்படியின் அகலம் எழுபது சென்டிமீட்டர். சாய்த்தும், நிமிர்த்தியும், படுக்க வைத்தும் பார்த்தார்கள். சாய்த்தால் மரமும் ஸ்டேஷனும் நிலையில் இடித்துப் பெயர்ந்தன. ஊருக்கெல்லாம் மீட்டர் கணக்குச் சொல்கிற ஆள் தன் வீட்டு வாசலை அளக்கவில்லை.

ரம்பத்தை எடுத்தார். வில்லியனூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் பல்லை வைத்தார். கை ஓடவில்லை.

"வைங்க அத," என்றாள் கன்னியம்மாள். திட்டினாலும் அவளுக்கும் அது ஓடுவதைப் பார்க்கப் பிடிக்கும். "கதவு மாதிரி செவுத்தோட சாத்தி வைக்க முடியாதா?"

இது ஏன் தனக்குத் தோன்றவில்லை என்று முருகையனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. சுவரில் ஒரு சாண் கனத்துக்குக் கட்டை அறைந்து, ஒரு நீளப் பக்கத்துக்கு மூன்று கீல் போட்டு அதோடு பிணைத்தார். எதிர்ப் பக்கத்துக்கு மடக்குக் கால் இரண்டு. தூக்கி நிமிர்த்தித் தாழ்ப்பாள் போட்டால் ரயில் சுவர்ப் பக்கம் போய்விடும், கீழே பாய் விரிக்க இடம் வந்துவிடும். மரத்தையும் ஸ்டேஷனையும் ஆணியடித்து இறுக்கினார். இஞ்சின் விழாமலிருக்க சைக்கிள் டியூபை வெட்டிப் பட்டை போட்டார். பிள்ளைத்தாச்சி இருக்கிற வீட்டில் ஆணி அடிக்கக் கூடாது என்பதால், மகள் வருவதற்குள் எல்லா ஆணியையும் அடித்து முடிக்க வேண்டும். ஆடி முழுக்க அந்த வீட்டில் டொக் டொக்கென்று ஒரே சத்தம்.

நிமிர்த்தி வைத்த பலகையைப் பார்த்துக் கன்னியம்மாளுக்கு மனசு ஒப்பவில்லை. பூட்டிய கடை மாதிரி இருக்கிறது என்றாள். முருகன், மாரியம்மன், லட்சுமி என்று மூன்று படங்களைக் கொண்டுவந்து அதில் மாட்டினாள். அதன் பிறகு அது சாமிச் சுவர். பின்னால் ரயில் இருக்கிறதென்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்பமாட்டார்கள்.

ஆடிக் கடைசி வெள்ளியன்று சம்பந்தியம்மாள் தனக்கொடி வந்தாள், மருமகளை விடப்போகிற இடத்தைப் பார்க்க. மூன்று பிள்ளைகளையும் மருமகள்களையும் ஒரு பார்வையில் வைத்திருக்கிறவள். அதிகம் பேசமாட்டாள். அவள் பேசாமல் இருப்பதுதான் முருகையனுக்குப் பயம். வந்தவள் மோர் குடித்தாள், அறையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள், சாமிச் சுவரைக் கண்டதும் எழுந்தாள். மாரியம்மன் கோயில் குங்குமம் மடியில் இருந்தது. அம்மனுக்கு வைத்தாள், லட்சுமிக்கு வைத்தாள், முருகன் நெற்றியில் விரலை அழுத்தி வைத்தாள்.

முருகனுக்குப் பின்னால் விர்ரென்று ஒரு சத்தம் எழுந்தது.

தனக்கொடி கையை எடுத்துக்கொண்டாள். கன்னியம்மாள் புருஷனைப் பார்த்தாள். குற்றம் முருகையனுடையதுதான். மில்லில் சங்கு ஊதி ஷிஃப்ட் மாறும்போது, அடுத்து வருகிற ஆளுக்கு மிஷினை ஓடத் தயாராக விட்டுப் போக வேண்டும். இருபத்து நான்கு வருஷத்துப் பழக்கம். வீட்டிலும் ஒவ்வொரு தடவையும் இஞ்சினுக்கு முழுச் சாவி முடுக்கி, பிரேக்கைப் போட்டுத்தான் எடுத்து வைப்பார். அடுத்த ஷிஃப்டுக்கு அங்கே யார் வரப் போகிறார்கள் என்று அவர் யோசித்ததே இல்லை. பலகை அதிர்ந்ததில் பிரேக் நழுவிவிட்டது.

"அண்ணே, முருகன் என்னமோ உறுமுறாரே," என்றாள் தனக்கொடி.

பொய் சொல்ல அவருக்கு வராது. கன்னியம்மாள் படங்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கண்ணில் ஒற்றி எடுத்து வைக்க, அவர் தாழ்ப்பாளை நீக்கிப் பலகையை இறக்கினார். ஸ்டேஷன், ஏரி, பீர்க்கங்காய் மரம், பட்டைக்குள் சக்கரம் சுற்றி ஓய்ந்துகொண்டிருந்த இஞ்சின். தனக்கொடி குனிந்து எல்லாவற்றையும் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"எல்லாம் சரி. எம் மருமவ எங்க படுப்பா?"

முருகையன் அவசரமாகப் பலகையை நிமிர்த்தித் தாழ்ப்பாள் போட்டார். கன்னியம்மாள் பாயை விரித்தாள். தனக்கொடி புடவையை ஒதுக்கிக்கொண்டு அந்தப் பாயில் படுத்தாள். காலை நீட்டினாள், இடப்பக்கம் ஒருக்களித்தாள், வலப்பக்கம் ஒருக்களித்தாள், கையால் தலைமாட்டைத் துழாவினாள். தாழ்ப்பாளை எட்டி ஓர் ஆட்டு ஆட்டிப் பார்த்தாள்.

எழுந்து உட்கார்ந்தவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"எங்க வூட்ல பதினோரு பேரு. பெரியவன் புள்ளைங்க மூணும் அம்மை போட்டுப் படுத்துக் கெடக்குதுங்க. இங்க எடமில்லன்னு நீங்க சொல்லிட்டா அவள எங்க வச்சிப் பாப்பேன்னு, பாலம் தாண்டுற வரைக்கும் பயந்துக்கிட்டே வந்தேன் அண்ணே."

முருகையன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு மாதமாக இந்த அம்மாளுக்குப் பயந்து இவர் தூங்கவில்லை. இவருக்குப் பயந்து அந்த அம்மாளும் தூங்கவில்லையாம். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. கன்னியம்மாள் இன்னொரு செம்பு மோர் கொண்டுவந்தாள்.

"ஆனா ஒண்ணு," என்றாள் தனக்கொடி. "புள்ளத்தாச்சி பக்கத்துல இது உறுமக் கூடாது. அந்தச் சாவியக் குடுங்க."

ரயிலையே கேட்டிருந்தாலும் அப்போது கொடுத்திருப்பார். தனக்கொடி சாவியை முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டு பாலம் தாண்டிப் போனாள்.

ஆவணியில் சந்திரகலா வந்தாள். கார்த்திகை பிறந்து நாலாம் நாள், கொட்டுகிற மழையில், கிழக்குச் சுவரோரம் அதே பாயில் அவளுக்குப் பெண் பிறந்தது. வெளியே நனைந்துகொண்டு நின்ற முருகையனிடம் மருத்துவச்சி வந்து, "ரெண்டு உசுரும் நல்லாருக்கு," என்றாள். எந்தச் சாமியைக் கும்பிடுவது என்று தெரியாமல் அவர் மருத்துவச்சியைக் கும்பிட்டார்.

பதினாறாம் நாள் தீட்டுக் கழிக்கத் தனக்கொடி வந்தாள். குழந்தை தூளியில் தூங்கிக்கொண்டிருந்தது. அதை எட்டிப் பார்ப்பதற்கு முன்னால் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.

"மொதல்ல இதப் புடிங்க. மூணு மாசத்துக்கு மேலா இடுப்புல குத்திக்கிட்டே கெடக்குது. எனக்கு ஒருக்கா ஓட்டிக் காட்டுங்க."

முருகையன் மகளைப் பார்த்தார். சந்திரகலா எழுந்து தானே பாயைச் சுருட்டினாள். "எறக்குங்கப்பா," என்றாள்.

சாமிகள் இறங்கின, பலகை இறங்கியது. இஞ்சின் இரண்டு பெட்டியை இழுத்துக்கொண்டு புதுச்சேரியை விட்டுக் கிளம்பி, ஏரியைச் சுற்றி, வில்லியனூர் வழியாகத் திரும்பி வந்தது. தனக்கொடி ஒவ்வொரு சுற்றுக்கும் ரயிலோடு தலையைத் திருப்பினாள். தூளியில் குழந்தை அசையவே இல்லை. ஆறாவது சுற்றில் வேகம் குறைந்து, வில்லியனூருக்குக் கொஞ்சம் முன்னால் ரயில் நின்றது.

சந்திரகலா சுருட்டிய பாயை மடியில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தாள். அவளுக்குப் படுக்க வேண்டும் போலிருந்தது முகத்தில் தெரிந்தது.

முருகையனின் கை பழக்கத்தில் சாவிக்குப் போனது. அரைச் சுற்று முடுக்கியவர் நிறுத்தினார். பிரேக்கை விட்டு, அந்த அரைச் சுற்றும் தீரும்வரை சக்கரத்தைக் காற்றில் ஓடவிட்டார். இஞ்சினைப் பட்டையில் செருகி, பலகையை நிமிர்த்தித் தாழ்ப்பாள் போட்டார். இருபத்து நான்கு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு மிஷினை அடுத்த ஷிஃப்டுக்குத் தயாராக்காமல் விட்டார்.

அப்புறம் சாவியைத் தனக்கொடியிடமே நீட்டினார்.

"அஞ்சாம் மாசம் கொழந்தைய அழைச்சிக்கிட்டுப் போக வருவீங்கல்ல, அப்பக் கொண்டாங்க," என்றார்.